கால் நோக நடந்தால் காசு வருமா?

(பங்கின் பொன்விழாவையொட்டிக் கூடிய பங்கு மக்கள் கூட்டத்தில், நோயாளர் உதவி நிதிக்கான நடைப்பயணம் பற்றி வின்சென்ட் தே பவுல் சபையார் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



பொன்விழா ஆண்டிலே கோவிலுக்கு வெள்ளையடிப்பது, கொடிமரத்தைப் புதுப்பிப்பது, மலர் வெளியிடுவது எல்லாம் முறைப்படி நடந்து வருகின்றன. இவற்றோடு நம் இளைஞர்கள் ஒரு யோசனையையும் கொண்டு வந்திருக்கிறார்கள். புற்றுநோய் கண்டு அலைகின்ற நம் பங்குக் குடும்பங்களுக்கென ஒரு நிதி வேண்டும். அதற்காக ஒருநாள் விடிகாலையில் புறப்பட்டு 25 கி.மீ. நடப்போம், நடக்கிற ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்தவர்களிடம் கி.மீட்டருக்கு இவ்வளவு ரூபாய் என்று முன்கூட்டியே வாக்கு எழுதி வாங்குவோம் என்பதே அந்த யோசனை.

சென்ற கூட்டத்தில் இதற்கு இரண்டு ஆட்சேபணைகள் எழுந்தன. "கொடுக்க மனமிருந்தால் உண்டியலில் போட்டுவிட்டுப் போகலாமே! கால் நோக நடந்தால் காசு வருமா?" என்றார் ஒரு பெரியவர். தர்மத்தை மறைவாகச் செய்ய வேண்டும் என்று பிரசங்கம் கேட்டு வளர்ந்த நாம், பனியன் மாட்டிக்கொண்டு ஊரறிய நடப்பது தம்பட்டமாகாதா என்றார் இன்னொருவர். இரண்டும் நியாயமான கேள்விகள். வீடு வீடாக உண்டியல் தூக்கிப் பழகிய எங்கள் சபையாருக்கு முதல் கேள்வி இன்னும் கொஞ்சம் உறைத்தது. ஆகவே சபை சார்பில் எங்களைப் பதில் சொல்லச் சொன்னார்கள்.

பதிலுக்கு முன் ஓர் இளைஞனின் கதையைச் சொல்லியாக வேண்டும். அவன் கனடா நாட்டுக்காரன். பெயர் டெரி ஃபாக்ஸ். 1958-இல் பிறந்தவன். பசிபிக் கடலோர மாநிலமான பிரிட்டிஷ் கொலம்பியாவில் போர்ட் கொக்விட்லம் என்ற ஊரில் வளர்ந்தான். கூடைப்பந்து என்றால் உயிர். பதினெட்டாம் வயதில், 1977-இல், வலது முழங்காலில் எலும்புப் புற்று என்று தெரிந்தது. முழங்காலுக்கு மேலே காலை எடுத்துவிட்டார்கள். அறுவைக்கு முந்திய இரவு பள்ளிப் பயிற்சியாளர் ஒரு பத்திரிகையைக் கொண்டுவந்து கொடுத்தார். ஒரு காலை இழந்த டிக் டிராம் என்பவர் 1976-இல் நியூயார்க் மாரத்தான் ஓடிய செய்தி அதில் இருந்தது. அந்தச் செய்தி பையனின் மனத்தில் விதையாக விழுந்துவிட்டது.

விதை முளைத்த இடம் புற்றுநோய் வார்டு. பதினாறு மாதம் மருந்தேற்றிக்கொண்டு கிடந்தபோது, தன்னைவிடச் சிறிய பிள்ளைகள் படும் பாட்டை அருகிருந்து பார்த்தான். மருத்துவர்கள் அவனிடம் ஒன்று சொன்னார்கள். இரண்டே ஆண்டுகளுக்கு முன் இந்த நோய் வந்திருந்தால் பிழைக்கும் வாய்ப்பு நூற்றுக்குப் பதினைந்து, இப்போது ஐம்பது. இடையில் நடந்தது ஆராய்ச்சி. ஆராய்ச்சிக்கு வேண்டியது பணம். தன் உயிரில் பாதி யாரோ முன்பின் தெரியாதவர்கள் கொடுத்த காசில் வந்தது என்பதை அவன் அன்று கண்டுகொண்டான். அவன் ஓடியதன் காரணத்தை இங்கேதான் தேட வேண்டும். வீரம் காட்ட ஓடினான் என்று சிலர் எழுதுகிறார்கள். எங்களுக்கு அது சரியாகப் படவில்லை. கடன் அடைக்க ஓடினான் என்றால் பொருந்தும்.

பதினைந்து மாதம் போலப் பயிற்சி. அதில் மட்டும் 5,000 கி.மீ.க்கு மேல் ஓடினான். தொடர்ந்து நூற்றொரு நாள் ஓடிவிட்டு ஒரேயொரு நாள் நின்றான். அது கிறிஸ்துமஸ் தினம். அதுவும் தாயார் கேட்டுக்கொண்டதற்காக. கனடா முழுவதையும் குறுக்கே ஓடிக் கடக்கப்போகிறேன் என்று சொன்னபோது அந்தத் தாய்க்குப் பைத்தியக்காரத்தனமாகப் பட்டதாம். எந்தத் தாய்க்குத்தான் படாது?

1980 ஏப்ரல் 12-ஆம் தேதி, கிழக்குக் கோடியில் உள்ள சென்ட் ஜான்ஸ் துறைமுகத்தில் அட்லாண்டிக் கடலில் செயற்கைக் காலை நனைத்துவிட்டு ஓடத் தொடங்கினான். அந்தக் கால் இன்றைய விளையாட்டு வீரர்களுக்குச் செய்து கொடுக்கும் வளைந்த தகடு அல்ல; நடப்பதற்கென்று செய்த சாதாரணக் கால். அது முன்னே வந்து ஊன்ற நேரம் பிடிக்கும். அதனால் நல்ல காலால் இரண்டு தத்து, செயற்கைக் காலால் ஓர் எட்டு என்று ஓட வேண்டியிருந்தது. வெட்டுண்ட இடம் உரசி இரத்தம் கசியும். துணைக்கு டக் ஆல்வர்ட் என்ற நண்பன் வண்டி ஓட்டி வந்தான். பிற்பாடு தம்பி டேரலும் சேர்ந்துகொண்டான். நாள்தோறும் ஒரு முழு மாரத்தான், அதாவது ஏறக்குறைய 42 கி.மீ., ஓடுவது திட்டம்.

இனி வரும் பகுதியைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். பெரியவர் கேட்ட கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது.

நியூஃபவுண்ட்லாந்து தீவின் மறுகோடியில் போர்ட்-ஓ-பாஸ்க் என்று ஓர் ஊர். சுமார் பத்தாயிரம் மக்கள். அங்கே போய்ச் சேர்ந்தபோது ஊரார் திரட்டி வைத்திருந்தது பத்தாயிரம் டாலருக்கு மேல். ஆளுக்கு ஒரு டாலர். கனடாவில் ஒவ்வொருவரும் ஒரு டாலர் கொடுத்தால் இரண்டு கோடியே நாற்பது லட்சம் ஆகுமே என்ற எண்ணம் இதனால் வலுப்பெற்றது. ஆனால் பிறகு கியூபெக் மாநிலத்துக்குள் நுழைந்தான். அங்கே பேசுவது பிரெஞ்சு. இவர்களுக்கு அந்த மொழி தெரியாது. செய்தி பரவவில்லை. சாலையில் ஓடுகிறவன் யார், எதற்காக ஓடுகிறான் என்று அறியாத வண்டியோட்டிகள் அவனைச் சாலையோரத்துக்குத் தள்ளிவிட்டுப் போனார்கள். வசூல் மிக மிகக் குறைவு. அதே கால், அதே இரத்தம், அதே 42 கி.மீ.; காசு மட்டும் வரவில்லை!

ஜூன் கடைசியில் ஒன்டாரியோ மாநில எல்லையில் ஹாக்ஸ்பரி என்ற ஊரை அடைந்தபோது பேண்டு வாத்தியத்தோடு ஆயிரக்கணக்கானோர் காத்திருந்தார்கள். புற்றுநோய்ச் சங்கத்தின் ஆள் ஒருவர் முன்கூட்டியே ஊர் ஊராகச் செய்தி சொல்லி வைத்திருந்தார். ஜூலை 11-இல் டொரான்டோ நகரச் சதுக்கத்தில் பத்தாயிரம் பேர் கூடினார்கள். அன்று ஒருநாள் வசூல் மட்டும் ஒரு லட்சம் டாலர். புற்றுநோய்க்கு மகனைப் பறிகொடுத்திருந்த இசடோர் ஷார்ப் என்ற ஓட்டல் அதிபர், அவன் ஓடும் ஒவ்வொரு மைலுக்கும் இரண்டு டாலர் தருவதாக ஏற்று, இன்னும் 999 நிறுவனங்களை அப்படியே செய்யும்படி அழைத்தார். நம் இளைஞர்கள் வைத்திருக்கும் வாக்குத் தாள் முறையும் இதுவேதான்.

ஆகவே, நடந்தால் காசு வருமா என்றால், வராது என்பதே எங்கள் பதில். வெறுமனே நடந்தால் வராது. கியூபெக் அதற்குச் சாட்சி. யாருக்காக நடக்கிறான் என்று நாலு பேருக்குச் சொல்லி, கேட்டவர்கள் நம்பினால்தான் வரும். வாயால் சொல்வதைக் காலாலும் சொல்கிறவனைச் சனங்கள் சட்டென்று நம்புகிறார்கள். வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவரைப் பார்த்து, பஸ்தான் இருக்கிறதே என்று நாம் கேட்பதில்லை. அவருடைய நேர்த்திக்கடன் எவ்வளவு கனமானது என்பதை அவருடைய பாதம் சொல்லிவிடுகிறது. அங்கே தன் வேண்டுதலுக்காக நடக்கிறார், இங்கே பிறத்தியாருக்காக. அவ்வளவே வித்தியாசம்.

இதைப் படித்தவர்களும் ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். ஒலிவோலா, ஷாஃபிர் என்னும் இரு அறிஞர்கள் 2013-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஒரு தர்ம காரியத்துக்காக வனபோஜனம் வைத்து அழைத்தால் கொடுப்பதைவிட, ஐந்து மைல் ஓட வேண்டும் என்றால் அதிகம் கொடுக்க முன்வருகிறார்கள் என்று கண்டார்கள். பூங்கா அமைப்பது போன்ற மகிழ்ச்சியான காரியங்களைவிட, மனிதர் துயர் துடைக்கும் காரியங்களில் இது கூடுதலாகத் தெரிந்ததாம். இதற்கு அவர்கள் வைத்த பெயரைத் தமிழில் சொன்னால் 'வேதசாட்சி விளைவு' என்று வரும். வேதசாட்சிகள் திருநாள் கொண்டாடுகிற நமக்கு இந்தச் சங்கதியை ஆய்வு செய்துதான் சொல்ல வேண்டுமா என்று எங்கள் சபையில் ஒருவர் கேட்டார். இருந்தாலும் சொல்லி வைக்கிறோம்.

இரண்டாவது ஆட்சேபணைக்கு வருவோம். மறைவாகக் கொடுப்பவர் மறைவாகவே கொடுக்கட்டும். வாக்குத் தாளில் பெயர் எழுத வேண்டாம், 'ஓர் அன்பர்' என்று எழுதினால் போதும். ஆனால் கொடுப்பது வேறு, கேட்பது வேறு. மறைவாகக் கேட்க முடியாது. தனக்கென்று கேட்கக் கூச்சப்படலாம். நோயாளிக்காகக் கேட்க ஏன் கூச வேண்டும்? தம்பட்டம் எங்கே தொடங்குகிறது என்பதிலும் டெரி ஃபாக்ஸ் தெளிவாக இருந்தான். வண்டி, எரிபொருள், ஓடும் காலணி எல்லாம் கம்பெனிகளிடம் கேட்டு வாங்கிக்கொண்டான். ஆனால், பதிலுக்கு எங்கள் சரக்குக்கு விளம்பரம் செய் என்று சொன்ன கம்பெனிகளின் உதவியை வேண்டாம் என்று மறுத்தான். நம் நடைப்பயணத்துக்கு நகைக்கடைப் பெயர் போட்ட பனியன் இலவசமாகத் தருகிறோம் என்று இருவர் முன்வந்திருப்பதாகக் கேள்வி. அந்தப் பனியன் வேண்டாம் என்பது எங்கள் அபிப்பிராயம். பேரவை முடிவு செய்யட்டும்.

கதையை முடித்துவிடுகிறோம். 1980 செப்டம்பர் 1-ஆம் தேதி, தண்டர் பே நகருக்கு வெளியே, இருமலும் நெஞ்சு வலியும் தாங்காமல் நின்றான். புற்று நுரையீரலுக்குப் பரவியிருந்தது. 143 நாளில் அவன் ஓடியிருந்தது 5,373 கி.மீ. ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரிக்கு வரும் நம் தேசிய நெடுஞ்சாலையின் நீளமே ஏறத்தாழ 3,700 கி.மீ.தான். பசிபிக் கடலை அவன் எட்டவில்லை. அதுவரை சேர்ந்திருந்தது 17 லட்சம் டாலர். அடுத்த வாரம் ஒரு தொலைக்காட்சி நிறுவனம் நடத்திய நிதி நிகழ்ச்சியில் ஒரு கோடியே ஐந்து லட்சம் டாலர் குவிந்தது. 1981 பிப்ரவரியில் மொத்தம் இரண்டு கோடியே நாற்பது லட்சத்தைத் தாண்டியது. ஆளுக்கு ஒரு டாலர் என்ற கணக்கு நேர்ந்துவிட்டது. அதைக் கண்ணால் பார்த்துவிட்டே அவன் போனான். 1981 ஜூன் 28-இல், இருபத்து மூன்று வயது நிறைய ஒரு மாதம் இருக்கையில், கண் மூடினான்.

அந்த ஆண்டு செப்டம்பரில் அவன் பெயரால் நடந்த முதல் ஓட்டத்தில் மூன்று லட்சம் பேர் கலந்துகொண்டார்கள். போட்டி கிடையாது, பரிசு கிடையாது. இன்றுவரை பல நாடுகளில் ஆண்டுதோறும் நடக்கிறது, சென்னை ஐ.ஐ.டி. வளாகத்திலும் நடந்திருக்கிறது. சேர்ந்த தொகை 85 கோடி கனடா டாலருக்கும் மேல். அவனுக்கு வந்த அதே எலும்புப் புற்று வேறெங்கும் பரவுமுன் கண்டுபிடிக்கப்பட்டால் இன்று பத்தில் ஆறு ஏழு பேர் பிழைக்கிறார்கள். பெரும்பாலோருக்குக் காலை எடுக்காமலே அறுவை செய்கிறார்கள். அவனோடு சக்கர நாற்காலியில் கூடைப்பந்து ஆடிய ரிக் ஹேன்சன் என்பவர் 1985 முதல் 1987 வரை சக்கர நாற்காலியிலேயே 34 நாடுகளைச் சுற்றி வந்து, முதுகுத்தண்டு நோயாளருக்காக 2 கோடியே 60 லட்சம் டாலர் திரட்டியது தனிக் கதை.

இவ்வளவும் சொல்லிவிட்டு, ஒத்துக்கொள்ள முடியாத ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். டெரி ஃபாக்ஸின் இதயத்தில் ஒரு கோளாறு இருப்பதாக மருத்துவர்கள் முன்பே எச்சரித்திருந்தார்கள். ஓட்டத்தின்போது ஒழுங்காக மருத்துவச் சோதனைக்குப் போகவும் அவன் மறுத்தான். அவன் தியாகத்தைப் போற்றுகிறோம். இதை மட்டும் நம் பிள்ளைகள் பின்பற்ற வேண்டாம். ஸ்காட்லாந்தில் டேசைடு என்ற பகுதியில், தர்ம நிதிக்காகப் பாராசூட்டில் குதிப்பது ஒரு காலத்தில் மோஸ்தராக இருந்தது. ஐந்து ஆண்டுக் காயங்களைக் கணக்கெடுத்து மருத்துவர்கள் 1999-இல் வெளியிட்டார்கள். காயம்பட்டவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு பேர் முதன்முறை குதித்தவர்கள். தர்மத்துக்கு ஒரு பவுண்டு சேர, எலும்பு முறிவுக்கு வைத்தியம் பார்த்த வகையில் அரசாங்க மருத்துவத் துறைக்கு 13 பவுண்டு 75 பென்ஸ் செலவு! நோயாளிக்குப் பணம் சேர்க்கப் போய், ஆஸ்பத்திரிக்கு நோயாளி சேர்த்த கதை.

ஆகையால் நம் நடைப்பயணம் 25 கி.மீ.க்கு மேல் போக வேண்டாம். விடிகாலை நான்கு மணிக்குப் புறப்பட்டு ஒன்பது மணிக்குள் வெயில் ஏறுமுன் முடித்துவிட வேண்டும். நடையில் தளர்ந்தவர்களை ஏற்றிவர ஒரு வேன் பின்னாலேயே வரட்டும். சர்க்கரை, இரத்த அழுத்தம் உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்டுக்கொண்டே பெயர் கொடுக்க வேண்டும்.

முதியோருக்கு வேறு வழி உண்டு. 2020 ஏப்ரலில், கொரோனா ஊரடங்கு வேளையில், இங்கிலாந்தில் டாம் மூர் என்ற 99 வயது முன்னாள் ராணுவ கேப்டன், இரண்டாம் உலகப் போரில் நம் நாட்டிலும் பர்மாவிலும் பணி செய்தவர், நடைவண்டியைப் பிடித்துக்கொண்டு 25 மீட்டர் நீளமுள்ள தம் தோட்டத்தில் நூறு நடை நடக்கத் தொடங்கினார். நூறாவது பிறந்தநாளுக்குள் மருத்துவத் துறையின் தர்ம நிதிக்கு ஆயிரம் பவுண்டு சேர்க்கலாம் என்பது அவர் எண்ணம். சேர்ந்தது ஏறக்குறைய 3 கோடியே 28 லட்சம் பவுண்டு. அந்தப் பணம் சேர வேண்டிய இடம் போய்ச் சேர்ந்தது. ஆனால் அதன்பின் அவர் பெயரால் தனியாக ஓர் அறக்கட்டளை வைத்தார்கள். அதைக் குடும்பத்தார் நடத்திய விதத்தில் சொந்த ஆதாயம் கலந்திருந்ததென்று அந்நாட்டு அறநிலைய ஆணையம் 2024 நவம்பரில் அறிக்கை கொடுத்தது. கிழவரின் நடையில் குறையில்லை. அதன்பின் வந்தது அவர் பெயருக்கு வந்த வடு.

எங்களைக் கேட்டால், 25 கி.மீ. நடப்பது எளிது, வாக்குத் தாளில் எழுதிய பணத்தை ஒரு மாதத்துக்குள் வாங்கிச் சேர்ப்பதும், ஒரு ரூபாய் பிசகாமல் கணக்குக் காட்டுவதும்தான் கடினம். சபையார் நாங்கள் கேட்டுக்கொள்வது இதுதான். வசூலிலிருந்து தண்ணீர்ப் பாட்டில், வேன் வாடகை, சிற்றுண்டி எதற்கும் ஒரு பைசா எடுக்கலாகாது. அதற்கு வேறு நன்கொடையாளர்களைப் பார்க்க வேண்டும். பணத்தை வங்கியில் தனிக் கணக்கில் போட வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரவு செலவுத் தாளைக் கோவில் அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். உதவி பெற்றவர்கள் பெயர் மட்டும் அதில் வரக் கூடாது. அங்கேதான் மறைவு வேண்டும்.

எதற்கு இவ்வளவு என்று கேட்பீர்கள். சிகிச்சைக்கு அரசின் காப்பீட்டு அட்டை இருக்கிறதே, நிதி எதற்கு என்று சிலர் எங்களிடமே கேட்டார்கள். அட்டை ஆஸ்பத்திரிச் செலவைப் பார்த்துக்கொள்கிறது. ஆனால் மருந்தேற்றப் போகும் ஒவ்வொரு தடவையும் இரண்டு பேருக்குப் பஸ் கட்டணம், தங்கும் இடத்து வாடகை, சாப்பாடு, கூடப் போகிறவரின் கூலி நஷ்டம் ஆகியவற்றை எந்த அட்டையும் ஏற்பதில்லை. நாங்கள் சந்திக்கும் வீடுகளில், பஸ்ஸுக்கு இல்லாமல் ஒரு தவணை மருந்தை விட்டவர்கள் உண்டு. அப்படி விட்டால் முந்திய தவணைகளில் கிடைத்த பலனும் கெட்டுப்போகலாம். அடையாறு மருத்துவமனைக்குப் போய்வர ஒரு குடும்பத்துக்கு ஒருமுறை என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஒருவர் 25 கி.மீ. நடந்து, இருபது பேரிடம் கி.மீட்டருக்கு ஐந்து ரூபாய் வீதம் வாக்கு வாங்கினால் 2,500 ரூபாய். ஒரு குடும்பம் ஒரு தவணைக்குப் போய்வந்துவிடும்.

வாக்குத் தாள்கள் வரும் ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்ததும் பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் கிடைக்கும். ஒவ்வொரு தாளுக்கும் எண் உண்டு. வாங்குகிறவர் கையெழுத்திட வேண்டும். தூரம் நடக்க இயலாத முதியோருக்காக, கொடிமரத்திலிருந்து மாதா கெபி வரை காலையும் மாலையும் நடந்து கணக்கு வைக்கத் தனித் தாள் அச்சிட்டிருக்கிறோம். அதை எங்கள் சபைத் தலைவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். பதினான்கு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் பெற்றோருடன் மட்டுமே வரலாம். செருப்புப் பழையதாக இருக்கட்டும். புதுச் செருப்பு கடிக்கும்.